திருப்புடைமருதூருக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நமக்குச் சொந்த ஊர் நெல்லைப் பக்கம் என்று தெரிந்தால் முன்பெல்லாம் குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்றுதான் கேட்பார்கள். இப்போது திருப்புடைமருதூர் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். தாமிரபரணிக் கரையில் இருக்கும் சின்ன ஊர். கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

அந்த ஊர் எங்க இருக்கு? அங்க அப்படி என்னதான் இருக்கு?

திருநெல்வேலியிலிருந்து மேற்கே சுமார் 30 கிலோமீட்டர். முக்கூடலும் வீரவநல்லூரும் பக்கத்து ஊர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கி வரும் கடனா நதி தாமிரபரணியில் சேரும் இடம் இதுதான்.

ஆறு, ஆற்றங்கரையில் நாறும்பூநாதர் கோயில், கோயிலைச் சுற்றிப் பெரிய பெரிய மருத மரங்கள், அந்த மரங்களில் கூடு கட்டும் நாரைகள். அவ்வளவுதான். நான்கும் ஒரே இடத்தில், கூப்பிடு தூரத்துக்குள் இருப்பதுதான் இந்த ஊரின் அருமை. கடைத்தெரு, படகு சவாரி, பூங்கா என்று எதிர்பார்த்து வந்தால் அரை மணி நேரத்தில் சலித்துவிடும். சும்மா உட்கார்ந்து பார்க்கப் பொறுமை உள்ளவர்களுக்கு ஒரு பகல் பற்றாது.

எந்த மாசம் வந்தா நல்லா இருக்கும்?

ஜனவரி, பிப்ரவரி என்றுதான் நான் சொல்வேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஆறு நிதானத்துக்கு வந்திருக்கும். பிசானப் பருவத்து நெல் வயலில் நிற்கும். நாரைகள் கூடு கட்டத் தொடங்கியிருக்கும். வெயிலும் தாங்கக்கூடிய அளவில் இருக்கும். கோயிலில் தைப்பூசத் திருவிழாவும் அந்த நேரத்தில்தான். கூட்டம் பிடிக்காதவர்கள் பூசத்தை ஒட்டிய நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

மார்ச்சிலிருந்து மே வரை வெயில் கடுமை. ஆனால் கூட்டில் குஞ்சு வளர்வதைப் பார்க்க வேண்டுமானால் அந்த மாதங்களில்தான் வர வேண்டும். அதிகாலையில் வந்து பத்து மணிக்குள் கிளம்பிவிட்டால் சமாளிக்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மலையில் சாரல் பிடிக்கும், கீழே காற்று அள்ளும், கார் பருவ நெல் சாகுபடிக்கு அணையில் தண்ணீர் திறப்பார்கள். ஊர் பச்சையாகத்தான் இருக்கும், பறவைகள் குறைந்திருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். அதைப் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து எப்படி வர்றது? கார் இல்லாம முடியுமா?

முடியும். நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் திருநெல்வேலி. அங்கிருந்து செங்கோட்டை போகும் பயணிகள் ரயிலில் ஏறி சேரன்மகாதேவி, காருகுறிச்சி தாண்டி வீரவநல்லூரில் இறங்கிக்கொள்ளலாம். அந்த ரயில் பயணமே ஒரு சுகம். வலப்பக்கம் வயலும் குளமுமாக வரும், மேற்கே போகப் போக மலை கிட்டே வந்துகொண்டே இருக்கும்.

வீரவநல்லூரில் இறங்கியதும் ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள். போகும்போதே திரும்பி வருவதற்கும் பேசி, ஓட்டுநர் எண்ணை வாங்கி வைத்துக்கொள்வது முக்கியம். ஊருக்குள் நினைத்த நேரத்தில் வண்டி கிடைக்காது. பேருந்தில் வருகிறவர்கள் நெல்லை புதிய பேருந்து நிலையத்தில் முக்கூடல் வழி போகும் வண்டியா, சேரன்மகாதேவி வழி போகும் வண்டியா என்று கேட்டு ஏறுங்கள். பாபநாசம் என்று பலகை போட்டிருந்தாலும் எல்லா வண்டியும் ஒரே பாதையில் போவதில்லை.

அங்கேயே ரூம் கிடைக்குமா? சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

ஊருக்குள் தங்கும் விடுதியை நம்பி வராதீர்கள். அம்பாசமுத்திரத்திலோ நெல்லையிலோ அறை எடுத்துக்கொள்ளுங்கள். அம்பாசமுத்திரம்தான் எனக்குப் பிடித்த தேர்வு. விடியும்போதே ஊருக்குள் வந்துவிடலாம், மறுநாள் மலையடிவாரக் கோயில்களுக்குப் போகவும் தோது. உள்ளூர்க்காரர்கள் வாயில் அது அம்பைதான். பேருந்திலும் ‘அம்பை, அம்பை’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

சாப்பாடும் அப்படித்தான். காலைச் சாப்பாட்டை அம்பையிலோ முக்கூடலிலோ முடித்துவிட்டு வாருங்கள், தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொண்டு வாருங்கள். கையில் கட்டுச்சோறு கொண்டு வந்தால் ஆற்றங்கரை நிழலில் சாப்பிடலாம். சாப்பிட்ட இலையும் உறையும் உங்களோடு திரும்பி வர வேண்டும்.

சாமி சாய்ஞ்சு இருக்காராமே, ஏன்?

ஆமாம். மூலவர் லிங்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது தீபாராதனை வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும். ஊரில் சொல்லும் கதை இது. கருவூர்ச் சித்தர் இந்தக் கோயிலைத் தேடி வந்தபோது ஆற்றில் வெள்ளம் கரைபுரண்டு ஓடியது. கடக்க வழியில்லாமல் எதிர்க்கரையில் நின்றபடியே ‘நாறும்பூநாதா’ என்று உரக்கக் கூப்பிட்டார். வெள்ளத்தின் இரைச்சலில் குரல் சரியாகக் கேட்க வேண்டும் என்று இறைவன் காதைக் கொடுத்துச் சாய்ந்தாராம். சித்தரும் ஆற்றைக் கடந்து வந்து சேர்ந்தார்.

கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் கேட்டுவிட்டு உடனே வெளியே வந்து படித்துறையில் நின்று பாருங்கள். ஆறு நிறைந்து போகும் நாளில் அக்கரையிலிருந்து ஒருவர் கத்தினால் இக்கரையில் கேட்காது. அம்பாள் பெயர் கோமதி. கோயில் மரம் மருதம். ஸ்ரீசைலம், கும்பகோணம் பக்கத்துத் திருவிடைமருதூர், இந்த ஊர் மூன்றையும் மருத மரத்தால் ஒன்றாகச் சேர்த்துச் சொல்வது வழக்கம்.

கோபுரத்துக்குள்ள ஓவியம் இருக்குன்னு கேள்விப்பட்டேன். மேல விடுவாங்களா?

கேட்டுத்தான் போக வேண்டும். பூட்டித்தான் இருக்கும், சில நேரம் அனுமதி கிடைக்கும், சில நேரம் கிடைக்காது. முதலில் கோயில் அலுவலகத்தில் அல்லது அர்ச்சகரிடம் மரியாதையாகக் கேளுங்கள். திருவிழா நாளிலும் பூசை நேரத்திலும் கேட்காதீர்கள். மறுத்தால் வற்புறுத்தவே கூடாது. அவர்கள் மறுப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது.

வெளியிலிருந்து பார்க்கையில் நெல்லைச் சீமையின் மற்றக் கோபுரங்கள் மாதிரிதான் தெரியும். உள்ளே ஐந்து நிலைகளிலும் சுவர் முழுக்க நாயக்கர் காலத்து ஓவியங்கள். தூண்களிலும் உத்தரங்களிலும் மரச் சிற்பங்கள். ராமாயணம், திருவிளையாடல், நாயன்மார் கதைகள் எல்லாம் வரிசை வரிசையாகப் போகும். நடுவே பெரிய போர்க்காட்சி ஒன்று இருக்கிறது. யானைப் படை, குதிரைப் படை, வில்லாளிகள் என்று சுவர் கொள்ளாமல் நெருக்கியடித்து வரைந்திருக்கிறார்கள். 1532-ல் தாமிரபரணிக் கரையில் விஜயநகரப் படைக்கும் இன்றைய தென் கேரளப் பகுதியான வேணாட்டின் அரசருக்கும் நடந்த போரைத்தான் இது காட்டுகிறது என்பது ஆய்வாளர்கள் கருத்து. குதிரைகளை ஏற்றி வரும் கப்பலையும் தவறவிடாதீர்கள். கடல் தாண்டி வந்த அரபு வணிகர்கள் பாண்டிய நாட்டில் குதிரை விற்றதை ஏட்டில்தான் படித்திருப்போம், இங்கே அது சுவரில் கண்முன் நிற்கிறது.

அனுமதி கிடைத்தால் டார்ச் கொண்டு போங்கள், ஆனால் ஒளியை ஓவியத்தின் மேல் வெகு நேரம் நிறுத்தாதீர்கள். ஃபிளாஷ் வேண்டாம். படிகள் குறுகல், செங்குத்து, உள்ளே வௌவால் நாற்றம் இருக்கும். முதுகுப் பையைக் கீழேயே வைத்துவிட்டு ஏறுங்கள். திரும்பும்போது பை சுவரில் உரசினால் காரைப் பூச்சு உதிரும், அதோடு வண்ணமும் போகும். நானூறு வருடத்துக்கு மேல் நின்ற முகம் ஒன்று ஒரு பையின் ஜிப்பால் போய்விடக் கூடாது. ஏற்கெனவே சிலர் தங்கள் பெயரைக் கீறி வைத்திருப்பதைப் பார்த்தால் வயிறு எரியும்.

எனக்குச் சாமி நம்பிக்கை இல்ல. நான் வரலாமா?

தாராளமாக வரலாம். பறவைகளும் ஆறும் எல்லோருக்கும் பொது. கோயிலுக்குள் போனால் அங்குள்ள முறைப்படி நடந்துகொள்ளுங்கள், அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். மதியம் நடை சாத்தி மாலையில்தான் மறுபடி திறப்பார்கள். அதனால் கோயிலைக் காலையில் முடித்துவிடுவது நல்லது.

பறவை சரணாலயத்துக்கு டிக்கெட் எங்க வாங்கணும்?

டிக்கெட் கொடுத்து உள்ளே விடும் வேலியிட்ட சரணாலயம் இல்லை இது. கோயிலையும் கரையையும் சுற்றியுள்ள 2.84 ஹெக்டேரை, அதாவது ஏழு ஏக்கர் அளவு இடத்தை, 2005 பிப்ரவரி 14 அன்று பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-ல் கொண்டுவந்த திருத்தம்தான் இப்படியொரு வகையை உண்டாக்கியது. அந்த வகையில் இந்தியாவிலேயே முதலாவதாக அறிவிக்கப்பட்டது இந்தச் சின்ன ஊர்தான். இதை ஊர்க்காரர்களே பெருமையாகச் சொல்வார்கள், சொல்ல வேண்டியதுதான்.

சரணாலயத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம், இங்கே மக்களை வெளியேற்றிவிட்டுப் பறவையைக் காப்பாற்றவில்லை என்பதுதான். ஊர் ஊராகவே இருக்கிறது. மரத்தடியில் வீடு, வீட்டு வாசலில் கோலம், கோலத்தின் மேல் எச்சம். தினமும் கூட்டிப் பெருக்கிக்கொண்டு அந்தப் பறவைகளோடு வாழ்கிறார்கள். மீன் வாடையும் எச்ச வாடையும் சேர்ந்து வெயில் ஏற ஏற எப்படி இருக்கும் என்பது அங்கே நின்றால்தான் தெரியும். முகத்தைச் சுளித்துக்கொண்டு மூக்கைப் பொத்தாதீர்கள். அந்த வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

என்னென்ன பறவை வரும்? எங்க நின்னு பார்க்கணும்?

மஞ்சள் மூக்கு நாரைதான் எல்லோர் கண்ணிலும் முதலில் படும். சங்குவளை நாரை என்றும் சொல்வார்கள். நல்ல உயரம், மஞ்சள் அலகு, இறக்கையின் பின்பக்கம் இளஞ்சிவப்பு பூசியது போல இருக்கும். சாம்பல் நாரை, நீர்க்காகம், வெள்ளைக் கொக்கு, அரிவாள் மூக்கன், வக்கா என்று மற்றவையும் உண்டு. ஆற்றோரம் கொஞ்சம் நடந்தால் மீன்கொத்தி நிச்சயம்.

கோயில் முன்பக்கத்திலிருந்தும் படித்துறைப் பக்கத்திலிருந்தும் அண்ணாந்து பார்த்தாலே கூடுகள் தெரியும். காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரையும் மாலை நான்கரைக்கு மேலும் நல்ல நேரம். குஞ்சு பொரித்த மாதமென்றால் ஒரு கூட்டை மட்டும் தேர்ந்தெடுத்து அதையே பாருங்கள். தாய்ப் பறவை வந்து இறங்கியதும் குஞ்சுகள் கழுத்தை ஆட்டிக்கொண்டு கத்தும். அது தொண்டையில் கொண்டுவந்த மீனைக் கூட்டுக்குள் கக்கிப் போடும், குஞ்சுகள் பொறுக்கித் தின்னும். கடும் வெயிலில் தாய் இறக்கையை விரித்து நின்று குஞ்சுகளுக்கு நிழல் கொடுப்பதையும் பார்க்கலாம். பைனாகுலர் இருந்தால் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டாலும் குறையில்லை.

கூட்டுக்குப் பக்கத்துல போய்ப் படம் எடுக்கலாமா? ட்ரோன் கொண்டு வரலாமா?

இரண்டுமே வேண்டாம். பறவையை எழுப்பிப் பறக்கவிட்டால்தான் படம் நன்றாக வரும் என்று கை தட்டுகிறவர்கள், கல் எறிகிறவர்கள் இருக்கிறார்கள். தாய்ப் பறவை பதறி எழும்பும்போது முட்டை உருண்டு விழும். கூடு காலியாக இருக்கும் அந்தச் சில நிமிடத்தில் காகம் வந்து கொத்திவிடும். ட்ரோன் அதைவிடக் கெடுதல். பருந்து வந்துவிட்டது என்று மொத்தக் கூட்டமும் எழும்பும். இது வனத்துறையின் பொறுப்பில் உள்ள இடம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கீழே விழுந்த குஞ்சைப் பார்த்தால் நீங்களே தூக்கித் தண்ணீர் ஊற்றாதீர்கள். பக்கத்து வீட்டில் சொல்லுங்கள், யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆத்துல குளிக்கலாமா? எனக்கு நல்லா நீச்சல் தெரியும்.

ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில், அவர்கள் குளிக்கும் நேரத்தில், அவர்கள் நிற்கும் ஆழத்தில் குளிக்கலாம். தண்ணீர் அருமையாக இருக்கும், மலையிலிருந்து வருகிற குளிர்ச்சி போகாது. ஆள் இல்லாத இடத்தில் இறங்காதீர்கள். இரண்டு ஆறு சேரும் இடம் என்பதால் இழுப்பு ஒரே சீராக இருக்காது, மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்பதும் மேலே தெரியாது. முழங்கால் ஆழத்திலிருந்து அடுத்த அடியில் ஆள் முழுகும் பள்ளம் வந்துவிடும்.

நீச்சல் தெரியும் என்கிறவர்களுக்காகவே ஒன்று சொல்ல வேண்டும். விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்தியவர், உடல் வலுவுக்குப் பேர் போனவர். 1925-ல் பாபநாசம் அருவிப் பக்கம் மகளைத் தண்ணீர் இழுத்தபோது காப்பாற்றப் பாய்ந்து அவரும் மாண்டார். இதே ஆறுதான் அது. குளத்தில் பழகிய நீச்சல் ஆற்று இழுப்பில் கைகொடுக்கும் என்று நினைக்காதீர்கள்.

தண்ணி கணுக்கால் அளவுதானே ஓடுது? இதுல என்ன பயம்?

மேலே பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனா என்று அணைகள் இருக்கின்றன. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். அணையிலிருந்து தண்ணீர் திறந்தால் சில மணி நேரத்தில் ஆற்றின் போக்கே மாறிவிடும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினாலோ, துணியையும் செருப்பையும் தேடிக்கொண்டு நிற்காமல் கரையேறிவிடுங்கள்.

1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் வருகிறவர்களுக்கு எளிய அடையாளம் ஒன்று உண்டு. நெல்லை குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் சூழ்ந்துவிட்டது என்று செய்தி வந்தால், அன்று எந்தப் படித்துறைப் பக்கமும் போகாதீர்கள்.

பரிகாரம் பண்ணினா உடுத்தின துணிய ஆத்துல விடணும்னு சொன்னாங்க. விடலாமா?

விடாதீர்கள். பாபநாசத்தில் இப்படி விட்ட துணிகள் பாறையிடுக்கிலும் படித்துறையிலும் மூட்டை மூட்டையாகச் சேர்ந்து, தன்னார்வலர்கள் இறங்கி இறங்கி அள்ளுகிறார்கள். குளிக்கிறவர் காலில் சேலை சுற்றினால் உயிருக்கே ஆபத்து. நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் குடிதண்ணீர் இந்த ஆற்றிலிருந்துதான் போகிறது. 2018 அக்டோபரில் மகாபுஷ்கரம் என்னும் புனித நீராடல் விழா நடந்தபோது படித்துறை படித்துறையாகக் கூட்டம் வந்து குளித்தது. குளித்து வணங்கினாலே போதும், ஆற்றுக்கு நாம் எதையும் போட வேண்டியதில்லை. சோப்பும் ஷாம்பு உறையும் இதில் சேர்த்தி.

ஊர்க்காரங்ககிட்ட எப்படிப் பேசுறது? அவங்களப் படம் எடுக்கலாமா?

வயதான ஆணென்றால் ‘தாத்தா’, நடுவயதென்றால் ‘அண்ணாச்சி’. பெண்களை ‘அக்கா’, ‘ஆச்சி’ என்று கூப்பிடலாம். ‘அண்ணாச்சி, கோயிலுக்கு இப்படிப் போகலாமா?’ என்று கேட்டால் வழி மட்டுமா சொல்வார்கள், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, சாப்பிட்டாச்சா என்று அவர்களும் கேட்பார்கள். அது துருவிக் கேட்பது இல்லை, இந்தப் பக்கத்து விசாரிப்பு. பதில் சொல்லிவிட்டு நீங்களும் பதிலுக்கு விசாரியுங்கள்.

இந்த வட்டாரத்துத் திண்ணைகளில் பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவதைப் பார்ப்பீர்கள். இலையை வெட்டுவது, தூளை வைப்பது, உருட்டுவது, மடக்கி நூல் கட்டுவது எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் நடக்கும், பேச்சும் நிற்காது. பார்க்க அதிசயமாக இருக்கும். ஆனால் அது அவர்களுடைய பிழைப்பு, எண்ணிக்கைக்குத்தான் கூலி. அதனால் கேட்காமல் கேமராவை நீட்டாதீர்கள். படித்துறையில் பெண்கள் குளிக்கும் பக்கம் கேமராவை வெளியே எடுக்கவே வேண்டாம்.

ஒரு நாள் போதுமா? பக்கத்துல வேற என்ன பார்க்கலாம்?

திருப்புடைமருதூருக்கு மட்டும் ஒரு காலைப்பொழுது. சுற்றுப்பக்கம் எல்லாம் பார்க்க இரண்டு நாள் வேண்டும்.

முக்கூடல் பக்கம் அத்தாழநல்லூரில் பெருமாள் கோயில் இருக்கிறது. யானையை முதலை பிடித்த கஜேந்திர மோட்சக் கதையை அங்கேதான் நடந்ததாகச் சொல்வார்கள். மேற்கே போனால் அம்பை. அதை ஒட்டிப் பிரம்மதேசம் கைலாசநாதர் கோயில், மன்னார்கோவில் ராஜகோபால சுவாமி கோயில். பிரம்மதேசத்துக்குக் கட்டாயம் போங்கள். சின்னக் கிராமத்தில் அவ்வளவு பெரிய கோயில் நிற்பதை நம்ப முடியாது. கூட்டமே இருக்காது. மன்னார்கோவிலைக் குலசேகர ஆழ்வாரோடு சேர்த்துச் சொல்வார்கள்.

கல்லிடைக்குறிச்சியில் குலசேகரமுடையார் கோயில் நடராசர் சிலை 1982-ல் களவு போய், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு அருங்காட்சியகம் வரைக்கும் போய், 2019-ல் திரும்பி வந்தது. அந்த ஊர்க்காரர்களிடம் அந்தக் கதையைக் கேளுங்கள். கடையம் பாரதியின் மனைவி செல்லம்மாவின் ஊர். புதுச்சேரியிலிருந்து வெளியே வந்த பிறகு பாரதி சிறிது காலம் அங்கே இருந்தார். இசை கேட்கிறவர்களுக்குக் காருகுறிச்சி என்றாலே நாதஸ்வரம் அருணாசலம்தான் நினைவுக்கு வருவார்.

பறவைக்காகவே வருகிறவர்கள் ஒரு நாளைக் கூட்டி நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்கும் போகலாம். 1994-ல் சரணாலயமானது, அங்கும் ஊர் மக்கள்தான் பறவைகளுக்குக் காவல்.

அப்படியே அருவிக்கும் போயிட்டு வந்துடலாம்ல?

பாபநாசம் அகத்தியர் அருவி, மணிமுத்தாறு அருவி இரண்டும் எட்டும் தூரம்தான். இரண்டும் வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டி உள்ளே இருக்கின்றன. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகப் பகுதி என்பதால் பிளாஸ்டிக், மது எதுவும் கொண்டு போக முடியாது. வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். கிளம்பும் அன்று காலையில் உள்ளூரில் கேட்டுக்கொள்ளுங்கள். மலைமேல் இருக்கும் மாஞ்சோலைக்கு அனுமதி விதிகள் தனி, கடைசி நேரத்தில் திட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

ஒரே நாளில் மருதூர், மூன்று கோயில், இரண்டு அருவி என்று போட்டுக்கொண்டு வருகிறவர்கள்தான் எதையும் பார்க்காமல் திரும்புகிறார்கள். காலையில் மருதூர், பிற்பகலில் ஒரே ஒரு இடம் என்று வையுங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அவங்களக் கூட்டிட்டு வரலாமா? குழந்தைங்க?

கோயில் வாசல் வரை வண்டி வரும். உள்ளே அதிகப் படி இல்லை. ஆற்றுப் படித்துறையில் பாசி வழுக்கும், அங்கே மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோபுரத்துக்குள் வயதானவர்களை ஏற்ற வேண்டாம், காரணம் மேலே சொன்ன அந்தப் படிகள்தான். குழந்தைகளுக்கு நாரையைப் பார்ப்பது கொண்டாட்டமாக இருக்கும். ஆனால் ஆற்றோரத்தில் ஒரு பெரியவர் கண் எப்போதும் அவர்கள் மேலேயே இருக்க வேண்டும், போன் மேல் அல்ல.

வரும்போது என்ன வாங்கிட்டு வரலாம்?

அல்வாவை நான் சொல்லித்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. நேரம் ஒதுக்க வேண்டியது பத்தமடைப் பாய்க்கு. புவிசார் குறியீடு பெற்றது. தாமிரபரணிக் கரைக் கோரையை வெட்டி, காய வைத்து, நீரில் ஊறப்போட்டு, மெலிசாகக் கிழித்து, சாயம் ஏற்றி நெய்கிறார்கள். பாவு நூல் எண்ணிக்கை கூடக் கூடப் பாய் மெலிசாகும், விலையும் ஏறும். பட்டுப்பாய் என்று சொல்லும் நல்ல மெலிசான கோரைப்பாயைத் துணி மாதிரி மடிக்கலாம். நெய்வதற்கு எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டுவிட்டால் பேரம் பேச மனம் வராது. முடிந்தால் நெய்கிறவர்களிடமே நேராக வாங்குங்கள்.

கல்லிடைக்குறிச்சி அப்பளமும் காருகுறிச்சி மண்பானையும் அடுத்தது. மண்பானையை ரயிலில் கொண்டு போகப் பொறுமை இருந்தால் மட்டும்.

நவம்பர்ல டிக்கெட் போட்டுட்டேன். கனமழை எச்சரிக்கைன்னு சொல்றாங்க. ரத்து பண்ணிடவா?

சிவப்பு எச்சரிக்கை என்றால் தேதியை மாற்றிவிடுங்கள். பாலமும் சாலையும் மூழ்கினால் வழியில் மாட்டிக்கொள்வீர்கள், ஊர்க்காரர்களுக்கும் உங்களைப் பார்த்துக்கொள்வது கூடுதல் வேலை. சாதாரண மழை என்றால் நெல்லைக்கு வந்துவிடுங்கள். ஆற்றுப் பக்கம் போகாமல் நெல்லையப்பர் கோயிலில் இசைத் தூண்களையும் தாமிர சபையின் மர வேலைப்பாட்டையும் பாருங்கள். கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்களுக்கே ஒரு அரை நாள் வேண்டும்.

மழை விட்டு ஆறு இறங்கியிருந்தால் மறுநாள் மருதூருக்கு வரலாம். அதுவும் கோயிலும் கரையும் மட்டும், குளியல் கிடையாது. நீர்மட்டம் எப்படி இருக்கிறது என்பதை ஆட்டோ ஓட்டுநரிடம் முந்தின இரவே போனில் கேட்டுவிடுங்கள். அவர் ‘இன்னைக்கு வேண்டாம் சார்’ என்றால் வேண்டாம்தான்.